வண்டி என்ன சொல்லுது?

அமெரிக்கா போய்விட்டு வந்தவனை நம் ஊரில் லேசில் விட மாட்டார்கள். "நயாகரா பார்த்தியா? டிஸ்னிலாண்ட் பார்த்தியா? ஹாலிவுட்ல யாரையாவது பார்த்தியா?" என்று வரிசையாகக் கேட்பார்கள். மூன்றுக்கும் நான் 'இல்லை' என்று தலையாட்டியதும், 'பின்னே என்னத்துக்குப்பா போனே?' என்று ஒரு பார்வை!

நான் பார்த்தது ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு களிமண் மைதானம். அதில் பறந்து பறந்து ஓடிய ஒன்றரை அடி நீள டிரக்குகள். மூன்று மாதம் இருந்தேன். ஆனால், மனசில் தங்கியது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

2018 அக்டோபரில் என்னை ஆபீஸிலிருந்து தெற்குக் கலிபோர்னியாவில் இர்வைன் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே, அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டின மாதிரி ஓர் ஊர். எல்லா வீடும் ஒரே நிறம். எல்லாப் புல்லும் ஒரே உயரம். முதல் வாரமே என் அபார்ட்மெண்ட் என்று நினைத்து அடுத்த கட்டடத்துக் கதவில் சாவியை நுழைத்து, ஒரு சீனப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (சீன மொழியில் திட்டியதால் என் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.)

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், ஆபீஸில் டெஸ்டிங் பிரிவில் இருந்த அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். அமெரிக்காவில் இருபது வருஷம் ஓட்டியும் பேச்சில் தாமிரபரணி தண்ணீர் வற்றவில்லை. நான் சங்கரன்கோவில் என்று தெரிந்ததும், "அட, நம்ம பக்கமா வே!" என்று முதுகில் ஒன்று வைத்தார். இரண்டு நாள் வலித்தது.

"சனிக்கிழமை சும்மாத்தான இருக்கீரு? நம்மகூட வாரும். ரேஸ் காட்டுதேன்."

எனக்கு ரேஸ் என்றால் கிண்டிதான் தெரியும். குதிரை, டோட், கடைசியில் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல் நடந்து வருவது. எதற்கும் இருக்கட்டும் என்று பர்ஸை ரூமிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். காரின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு மடக்கு மேஜை, ஒரு டிபன் கேரியர். பின்சீட்டில் அண்ணாச்சியின் மகன். பதினைந்து வயசு. காதில் ஹெட்போன், கண் ஜன்னலில். மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்களாவது ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாச்சும் பேசிக்கிட்டே போங்க. அப்பனும் மகனும் ஒரு வாரமாப் பேச்சுவார்த்தை இல்ல."

"என்ன மதினி சண்டை?"

"எல்லாம் அந்தப் பாழாப்போன வண்டிதான். போன சனிக்கிழமை தோத்துட்டான். 'வண்டி சரியில்ல'ங்கான் அவன். 'ஓட்டுறது சரியில்ல'ங்காரு இவரு. 'அப்ப வித்துருங்க, இனிமே நான் வரல'ன்னுட்டான். இன்னிக்குக் கடைசி."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு பொம்மைக் காருக்காகவா அப்பாவும் பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்? சின்ன வயசில் ஆடித் தபசு கடைத்தெருவில் அப்பா எனக்கும் ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தார். ரிமோட் என்றால் காருக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம் ஒயர் இருக்கும். கார் போக, பின்னாலேயே நானும் குனிந்தபடி போக வேண்டும். வீடு வந்து சேருவதற்குள் ஒயர் அறுந்துவிட்டது. சண்டை போடக்கூட நேரம் இருக்கவில்லை.

கார் 405-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஏறியது. மதினிக்குக் கொடுத்த வாக்குப்படி நான் பேச ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, இந்த விளையாட்டு எங்கே ஆரம்பிச்சது?"

அவ்வளவுதான். அணை திறந்த மாதிரி ஆகிவிட்டது.

"லாஸ் ஏஞ்சலிஸ் கலோசியம் ஸ்டேடியம் தெரியுமா வே? 1984 ஒலிம்பிக்ஸ்ல நம்ம பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்துல நூத்துல ஒரு பங்கு விநாடியில வெண்கலத்த விட்டாளே, அந்த எடம். அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி, 1979-ல அங்கன மண்ணக் கொட்டி, மேடு பள்ளம் கட்டி, நெசமான வண்டிய ஓட விட்டான் மிக்கி தாம்சன்னு ஒருத்தன்."

மிக்கி தாம்சன் சாதாரண ஆள் இல்லை. 1960-ல் உப்புப் பாலைவனத்தில் மணிக்கு 400 மைலுக்கு மேல் காரோட்டியவர். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவில், பாஹா கலிபோர்னியா பாலைவனத்தில் 1967-லேயே நீண்ட தூரப் பந்தயம் தொடங்கியிருந்தது. ஆனால், பாலைவனத்தில் வெயிலில் நின்று, எப்போதோ வரும் வண்டியை யார் பார்ப்பது? அதனால் பாலைவனத்தையே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார் மனுஷர். அந்த ஸ்டேடியப் பந்தயத்தில் துள்ளிக் குதித்த பிக்கப் வண்டிகளின் சாயலில் வந்தவைதான் 'ஸ்டேடியம் டிரக்' என்கிற பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகள்.

"பொம்மை வண்டி ஜப்பான்காரன் பண்ணதுதானே அண்ணாச்சி?"

"பொம்மைங்காதீரும்!" என்றார். பின்சீட்டிலிருந்தும் 'ச்' என்று ஒரு சத்தம். அந்த விஷயத்தில் மட்டும் அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சி!

ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1976-ல் போர்ஷே 934 என்ற ரேடியோ காரைக் கொண்டுவந்தது. அது தார் ரோட்டு வண்டி. 1979-ல் அதே டாமியா மண்ணில் ஓடும் வண்டிகளை விட்டது. 1984-ல் இந்தக் கலிபோர்னியாவின் கோஸ்டா மேஸா ஊரிலிருந்த அசோசியேட்டட் என்ற கம்பெனி, அலுமினிய உடம்பு வைத்து ஆர்.சி.10 என்று ஒரு வண்டியை இறக்கியது. அடுத்த வருஷம், 1985-ல், சான் டியாகோ பக்கம் டெல் மார் என்ற கடலோர ஊரில் பத்தில் ஒரு பங்கு மண்ரோட்டு வண்டிகளுக்கு உலகச் சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. ஜப்பானில் மஸாமி ஹிரோஸாகா என்று ஒருத்தர். இந்த மாதிரி சின்ன வண்டிகளை ஓட்டியே 14 உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார்.

"இப்ப நாம போயிட்டிருக்கதே கோஸ்டா மேஸா வழியாத்தான்" என்றார் அண்ணாச்சி, ஏதோ கோயில் ஊரைத் தாண்டுகிற மரியாதையோடு.

ஹன்டிங்டன் பீச் வந்தது. அலைச்சறுக்குக்குப் பேர்போன ஊர். எல்லாரும் கடற்கரைப் பக்கம் திரும்ப, நாங்கள் மட்டும் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பினோம். அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி வரிசையாகக் கொட்டகைகள். ஒன்றின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்கில் அடித்தது ஒரு வாசனை. முதல் மழை பெய்த களிமண் வாசனை! ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து கரிசல் காட்டு வாசனையைப் பிடிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு மைதானம். களிமண்ணைக் குழைத்து, அடித்து, மொழுகி, மேடு, பள்ளம், கொண்டை ஊசி வளைவு எல்லாம் கட்டியிருந்தார்கள். பாதை ஓரத்துக்குத் தடித்த குழாய்கள். ஒருத்தர் ஹோஸ் பைப்பால் பூச்செடிக்குத் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஈரம் ஜாஸ்தினா வழுக்கும். ரொம்பக் காஞ்சா தூசி பறக்கும். ரெண்டுக்கும் நடுவுல வச்சா டயர் பசை போட்ட மாதிரி ஒட்டும். சில ஊர்ல பிடிப்புக்குச் சர்க்கரைத் தண்ணியே தெளிக்கான் வே!"

ரேஷன் சர்க்கரைக்கு க்யூவில் நின்ற வம்சம் நான். மனசு கேட்கவில்லை.

சுவரோரம் நீளமாக மேஜைகள். பிட் என்று பெயர். பிளம்பர், டாக்டர், பள்ளிக்கூடத்துப் பையன், ரிட்டயரான தாத்தா என்று ஐம்பது அறுபது பேர் குனிந்து திருகிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் வாட்ச் கடைக்காரர்களின் மாநாடு போல இருந்தது. அண்ணாச்சியும் கடை விரித்தார். பெட்டியிலிருந்து வண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஒன்றரை கிலோவுக்கு மேல் கனம். மேலே கண்ணாடி மாதிரி மெல்லிசான பிளாஸ்டிக் கூடு. அதைக் கழற்றினால் உள்ளே அசல் வண்டியில் இருப்பது அத்தனையும் இருக்கிறது! மோட்டார், கியர், கிளட்ச், டிஃபரன்ஷியல், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக் அப்ஸார்பர். ஓட்டம் பின்சக்கரத்துக்கு மட்டும். டயரைத் தடவிப் பார்த்தேன். மொட்டை!

"அண்ணாச்சி, டயர் தேஞ்சு போச்சு."

"புதுசே அப்படித்தான் வே. இந்த மாதிரி இறுகின களிமண்ணுல பட்டன் வச்ச டயரவிட மொட்டை டயர்தான் பிடிக்கும். நெறைய ரப்பர் மண்ணத் தொடும்லா."

நம் ஊர் ஆர்.டி.ஓ.விடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது பாடம். "அந்த ஷாக்கப் பிடியும்" என்றார். நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அடிக்கிற ஷாக் இல்லை, ஷாக் அப்ஸார்பர். விரல் நீளக் குழாய். உள்ளே சிலிக்கான் எண்ணெய். அதில் ஓட்டை போட்ட பிஸ்டன் ஏறி இறங்கும். எண்ணெய்க்கு நம்பர் உண்டு: 25, 30, 35 என்று. நம்பர் கூடினால் எண்ணெய் கெட்டி, சக்கரம் மெதுவாக ஏறி இறங்கும். குளிர் நாளில் எண்ணெய் தானாகவே கெட்டியாகும், அதனால் நம்பரைக் குறைக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலும் வேலை கெட்டது. இருமலுக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டு, குமிழி மேலே வரும் வரை காத்திருந்து மூடினார்.

அடுத்து, வண்டியை அரை அடி உயரத்திலிருந்து மேஜை மேல் 'தொப்'பென்று போட்டார். எனக்குப் பகீரென்றது. "பயப்படாதீரும். தன் உயரத்துக்குத் தானே உக்காரணும்." உட்கார்ந்ததும் அடியில் அளவுகோலை நுழைத்தார். 22 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் குறைச்சல். ஷாக்கின் மேல் வளையத்தைக் கால் சுற்றுச் சுற்றினார். சரியாகிவிட்டது.

சக்கரத்தின் தலை ஒரு டிகிரி உள்பக்கம் சாய வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுசாக மண்ணில் படிவதற்காக. பின்சக்கரம் இரண்டும் மூன்று டிகிரி முன்பார்த்துக் குவிய வேண்டும். நேர்ரோட்டில் ஆடாமல் போவதற்காக. மோட்டார் பல்லுக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இறுக்கி, காகிதத்தை உருவினார். "அந்தக் காயிதக் கனம்தான் இடைவெளி. ரொம்ப நெருங்கினாலும் பல்லு போகும், ரொம்ப விலகினாலும் பல்லு போகும்."

நான் பின்சீட்டுப் பையனைப் பார்த்தேன். அவன் மேஜையின் அந்தக் கோடியில் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

பேட்டரி, நம் செல்போனில் இருக்கிற சாதிதான். லித்தியம். இரண்டு செல், 7.4 வோல்ட். முழுசாக ஏற்றினால் 8.4. அதற்கு மேல் ஏறினால் தீப்பிடிக்கும் என்பதால் தீப்பிடிக்காத பைக்குள் வைத்து சார்ஜ் செய்கிறார்கள். அண்ணாச்சியிடம் ஒரு நோட்டு இருந்தது. மளிகைக் கடைப் பேரேடு மாதிரி நீள நோட்டு. எந்தத் தேதியில் என்ன எண்ணெய், என்ன ஸ்பிரிங், பேட்டரி முன்னாலா பின்னாலா, எத்தனை சுற்று, எல்லாம் தமிழில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'குறிப்பு' என்று போட்டு ஒரு வரி: 'பின்பக்கம் வழுக்குகிறது.' அடுத்த பக்கம்: 'இன்னும் வழுக்குகிறது.' அதற்கடுத்தது: 'இவன் சொன்னால் கேட்பதில்லை.'

பந்தயம் ஐந்து நிமிஷம். காலையில் இரண்டு தகுதிச் சுற்று, மதியம் ஒன்று. மூன்றில் எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்து ஏ, பி, சி என்று பத்துப் பத்துப் பேராகப் பைனலுக்குப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை கணக்கு வைக்கும். பி.டி. உஷாவுக்கு நூறில் ஒன்று. இங்கே ஆயிரத்தில் ஒன்று!

முதல் சுற்று. ஓட்டுகிறவர்கள் உயரமான மேடையில் வரிசையாக நின்றார்கள். பையனும் ஏறினான். 'பீப்' என்றதும் பத்து டிரக்குகள் கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடித்துக் கிளம்பின. பையன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். மேட்டில் பறந்தான், இறங்கினான். ஆனால், அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்ததும் வண்டியின் பின்பக்கம் சடாரென்று சுழன்று திரும்பி நின்றுவிட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடம். அடுத்ததிலும். மொத்தம் பதினான்கு சுற்று. முதலில் வந்தவன் பதினேழு.

"பாத்தீரா? பின்னாடி பிடிப்பே இல்ல" என்று அண்ணாச்சி என்னிடம் சொன்னார், மகனுக்குக் கேட்கிற மாதிரி.

"முன்னாடிதான் ப்ராப்ளம். ஃப்ரண்ட் டர்ன் ஆகல" என்று மகன் என்னிடம் சொன்னான், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.

நான் நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

இந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம். உன் பந்தயம் முடிந்ததும் அடுத்த பந்தயத்துக்கு நீ மார்ஷல். கவிழ்கிற வண்டிகளை ஓடிப்போய் நிமிர்த்தி விட வேண்டும். பையனின் முறைக்கு நான் போகிறேன் என்று ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவர்கள் தனியாக இருந்தால் பேசுவார்களே என்று ஒரு ராஜதந்திரம்! முதல் வண்டி கவிழ்ந்தது. ஓடினேன். நிமிர்த்தினேன். எதிர்ப்பக்கம் பார்த்து வைத்துவிட்டேன். அது நேராக எதிரே வந்த மூன்று வண்டிகள் மேல் போய் மோதியது. மேடையிலிருந்து என்னைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னார்கள். இரண்டாவது வண்டியை எடுக்கப் போனபோது ஈரக் களிமண் என்னைக் கவிழ்த்தது. என்னை நிமிர்த்த ஒரு மார்ஷல் ஓடி வந்தார்.

பேன்ட்டில் மண்ணோடு திரும்பினால், அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆனால், அண்ணாச்சி வேலையில் இறங்கியிருந்தார். பின் ஸ்பிரிங்கை மெத்தென்று மாற்றி, எண்ணெயை இளக்கி, பேட்டரியை முடிந்த மட்டும் பின்னால் தள்ளி வைத்திருந்தார். எல்லாம் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூட்ட. பையன் பார்த்துக்கொண்டே நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்று. பதின்மூன்று! வளைவில் முன்பைவிட மோசமாகச் சுழன்றது. பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரை மேஜையில் வைத்தான். வீசவில்லை. மெதுவாகத்தான் வைத்தான். அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தோம். புளியோதரை, அப்பளம். பக்கத்து மேஜைத் தாத்தாவுக்கும் ஒரு தட்டுப் போனது. வெள்ளைத் தாடி, ரிட்டயரான பிளம்பர். நாலு கவளம் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீரோடு 'பிரமாதம்' என்றார். சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தைப் பழகிக்கொள்ளத் திறந்து விட்டிருந்தார்கள்.

"நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றேன். பையன் முதல் தடவையாகச் சிரித்தான். துப்பாக்கி மாதிரிப் பிடி. விரலால் இழுத்தால் ஓட்டம், தள்ளினால் பிரேக். பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். இவ்வளவுதானே?

வண்டி என்னை விட்டுப் போகும்போது சரியாக இருந்தது. என்னைப் பார்த்து வரும்போதுதான் ஆபத்து. வண்டிக்கு வலது, எனக்கு இடது! வலப்பக்கம் திருப்புகிறேன், அது இடப்பக்கம் போய்க் குழாயில் முட்டுகிறது. "நீங்க வண்டிக்குள்ள உக்காந்திருக்க மாதிரி நெனைச்சுக்கோங்க அங்கிள்" என்றான் பையன். மேட்டில் பறக்கும்போது மூக்கு குப்புற விழுந்தது. "காத்துல இருக்கும்போது கேஸ் கொடுத்தா மூக்கு தூக்கும். பிரேக் பிடிச்சா மூக்கு இறங்கும்" என்று பொறுமையாகச் சொன்னான். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிற பையன். அப்பாவிடம் மட்டும் ஏன் இந்த வாய் திறக்க மாட்டேன் என்கிறது?

அந்தத் தாடித் தாத்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அண்ணாச்சியிடம் வந்து, "நீ கடைசியாக இந்த வண்டியை எப்போது ஓட்டினாய்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி யோசித்தார். "ரெண்டு வருஷம் இருக்கும். பையன் ஓட்ட ஆரம்பிச்ச பிறகு நான் ஓட்டுறதில்ல."

"ஓட்டிப் பாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

பையன் டிரான்ஸ்மிட்டரை நீட்டினான். அண்ணாச்சி மேடை ஏறினார். நானும் பின்னால் போனேன். முதல் சுற்று மெதுவாக. இரண்டாம் சுற்றில் வேகம் பிடித்தார். கொண்டை ஊசி வளைவு. திருப்பினார். வண்டி திரும்பவில்லை! நேராகப் போகிறது. இன்னும் திருப்பினார். கடைசி வரை திருப்பினார். வேகம் குறைந்த அந்த நிமிஷம் முன்சக்கரம் திடீரென்று மண்ணைக் கவ்வ, பின்பக்கம் சாட்டையாகச் சுழன்றது.

மூன்று சுற்று அப்படியே. அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தினார். மேடையிலிருந்து இறங்கி வரும்போது முகம் மாறியிருந்தது.

"முன்னாடிதாம்ல திரும்ப மாட்டேங்கு" என்றார். என்னிடம் இல்லை. மகனிடம்.

விஷயம் இதுதான். கீழே மேஜையிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது, பின்பக்கம் சுழல்வது மட்டும். அதற்கு ஒரு நொடி முன்னால், முன்சக்கரம் வளைய மறுத்ததை ஓட்டுகிறவன் கைதான் அறியும். அவர் பின்பக்கத்துக்குப் பிடிப்பு கூட்டக் கூட்ட, முன்பக்கம் இன்னும் இளைத்தது. அவன் இன்னும் திருப்ப, அது இன்னும் சுழன்றது. அப்பா பார்த்ததும் நிஜம், பிள்ளை சொன்னதும் நிஜம். ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறொன்றுக்கு.

அண்ணாச்சி நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்து, மகனைப் பார்த்தார்.

"சரி. வண்டி என்ன சொல்லுது?"

பையன் சொன்னான். மடை திறந்த மாதிரிச் சொன்னான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். வளைவுக்குள் போகும்போது எப்படி, நடுவில் எப்படி, வெளியே வரும்போது எப்படி என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினான். அண்ணாச்சி ஒன்றும் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அப்ப முன் ஸ்பிரிங்க மாத்தி, எண்ணெயும் மாத்தி..."

"வேண்டாம்ப்பா. மொதல்ல எல்லாத்தையும் காலையில இருந்த மாதிரி வைங்க. அப்புறம் பேட்டரிய மட்டும் முன்னாடி தள்ளுங்க. ஒண்ணே ஒண்ணு. நாலு மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

டெஸ்டிங் பிரிவில் இருபது வருஷ சர்வீஸ் போட்ட மனுஷர், பதினைந்து வயசுப் பையனிடம் பாடம் கேட்டுக்கொண்டார். (எனக்கும் உறைத்தது. ஒரு வாரமாக ஆபீஸில் ஓடாத ஒரு புரோகிராமில் நாலு இடத்தை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு ஒன்றொன்றாக மாற்ற ஆரம்பித்தேன்.)

பேட்டரிக்கு முன்னால் இருந்த பஞ்சுக் கட்டையை எடுத்துப் பின்னால் வைத்தார். பேட்டரி இரண்டு விரல்கடை முன்னால் வந்தது. கனம் முன்சக்கரத்தின் மேல் ஏறியது. அவ்வளவுதான் வைத்தியம். செலவு: பூஜ்யம்.

மூன்றாம் சுற்று. கொண்டை ஊசி வளைவு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி, திருவிழாத் தேர் வடம் பிடித்த மாதிரி, அழகாக வளைந்து போயிற்று! பதினாறு சுற்று. பையன் பி பைனலுக்குத் தேறினான்.

பைனலில் கப் வாங்கினான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வாங்கவில்லை. ஏழாவதாகக் கிளம்பி, ஒருத்தன் கவிழ, ஒருத்தனை முந்த, இன்னொருத்தன் பேட்டரி தீர, நாலாவதாக வந்தான். பரிசு கிடையாது. கைதட்டினது நானும் தாடித் தாத்தாவும்தான். அண்ணாச்சி தட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'குறிப்பு' என்ற இடத்தில் 'பையன் சொன்னது சரி' என்று இருந்தது.

சாமான்களை ஏற்றினோம். காருக்குள் ஏறப் போனால், முன்சீட்டில் பையன் உட்கார்ந்திருந்தான். நான் டிபன் கேரியரோடு பின்சீட்டுக்குப் போனேன்.

405-இல் சனிக்கிழமை சாயங்கால நெரிசல். கார் ஊர்ந்தது. முன்சீட்டில் பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் முன் எண்ணெய் 35-லிருந்து 30 ஆக்கலாமா, வேண்டாமா. மண் காய்ந்தால் என்ன, ஈரமாக இருந்தால் என்ன. நடுவில் நான் ஒரு தடவை, "அப்ப வண்டியை விக்கலையா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் திரும்பி, விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேரும் வண்டியைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே நேராக ஷெட்டுக்குள் போய்விட்டார்கள்.

"ஜெயிச்சானா தம்பி?"

"நாலாவது மதினி. அதுவும் பி பைனல்ல."

"அது கிடக்கட்டும். நீங்க நடுவுல பேசிக்கிட்டே இருந்தீங்கல்லா?"

"எங்க மதினி..." என்றேன், காலி கேரியரை அவர் கையில் கொடுத்தபடி. "என்னை எங்க பேச விட்டாங்க!"